மீன் தொட்டியில் ஒரு முளைப்பாரி

எம்.எஸ்சி. தாவரவியல் படித்த எனக்கு ஒரு கைப்பிடி புல் வளர்க்கத் தெரியாது. இதை நான் கடைசிவரை மறைத்தே வைத்திருக்கலாம். ஆனால் அது வெளியே வந்த அன்று, எங்கள் தெருப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சோற்றில் தொடங்கியது. என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. போனில் பொம்மைப் படம் ஓடினால்தான் வாய் திறக்கும். படம் நின்றால் கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். குழந்தை மருத்துவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வரும்போது போன் இல்லாம சாப்பிடணும்மா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ அரியர் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. படிக்கிற காலத்தில் ஒரு பேப்பரில்கூட நான் தோற்றதில்லை. இப்போது அம்மா என்கிற பேப்பரில் மாட்டிக்கொண்டேனே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினேன்.

என் மாமியாரிடம் சுலபமான வழி இருந்தது. "பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு காக்காவக் காமிச்சு ஊட்டு. உம்மாப்பிள்ளைய நான் அப்படித்தான் வளத்தேன்."

படித்த பெண் காக்காயைக் காட்டுவாளா? நான் மீன் தொட்டி வாங்கினேன்.

தொட்டி வந்ததும் அடுத்த கவலை வந்தது. அடியில் போடக் கொடுத்த வெள்ளைக் கூழாங்கல்லில் விளக்கு வெளிச்சம் பட்டால் பிள்ளைக்குக் கண் கூசுமோ? கண் கூசினால் கண்ணாடி போட வேண்டி வருமோ? இணையத்தில் தேடினேன். ஒரு படம் கண்ணில் பட்டது. தொட்டியின் முன்பக்கம் முழுக்கத் தரையோடு தரையாகப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் ஒரு செடி, அதன்மேல் மீன்கள். விதையாகவே விற்கிறார்கள். தண்ணீர் ஊற்றாமல், ஈரமண்ணில் விதையைத் தூவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, பச்சை நன்றாகப் பிடித்த பிறகுதான் நிரப்ப வேண்டுமாம். அதற்கென்று கறுப்பு மண்ணும் விதையும் வரவழைத்தேன்.

தண்ணீர் தெளித்ததும் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி வழவழவென்று ஒரு உறை கட்டிக்கொண்டது. 'அட, ரோஸ் மில்க்ல போடுற சப்ஜா விதை மாதிரியே இருக்கே!' என்று ரசித்தேன். (ரசித்ததோடு சரி. இரண்டு வருட முதுகலைப் படிப்பு அந்த நிமிடம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.)

முளைத்தது. தொட்டி முழுக்க இளம்பச்சை. நான் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன், தாளை விலக்கி முகர்ந்து பார்த்தேன், யாரையும் கிட்டே விடவில்லை. யாழினி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து போன் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மீனில்லாத தொட்டியப் பாத்து பிள்ள எப்படிட்டீ சாப்பிடும்?" என்பார் மாமியார்.

"பொறுங்க அத்தை. இது ஒரு முறை."

அந்த முறைதான் வினையாயிற்று. எங்கள் தெரு அம்மனுக்குக் கொடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கொடை என்றால் முளைப்பாரி உண்டு. தானியங்களை முளைக்க வைத்து, வெளியாள் கண் படாமல் வளர்த்து, கடைசி நாள் கும்மியடித்துத் தண்ணீரில் கரைப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து, எதிர்வீட்டு ஆவுடையக்கா உறைமோர் கேட்டு உள்ளே வந்தார்.

"ஏ சித்தி! உங்க மருமவ கண்ணாடிலல்லா பாரி போட்டிருக்கா! ஒரு வார்த்தை சொல்லல?"

மாமியார் அன்றுதான் தொட்டியை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூடி வைத்த ஈரமண், இரண்டு வேளையும் தண்ணீர், தளதளவென்று பச்சை.

"அதான பாத்தேன்! இவ கிட்டயே யாரையும் அண்ட விடமாட்டேங்கா."

"இல்ல அத்தை, இது மீனுக்கு…"

"மீனுக்கு யாரும் புல்லு வைப்பாளாட்டி? அது என்ன மாடா?"

நான் அப்போதே அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மன் பெயரில் ஒன்று ஆரம்பித்தபின் 'இல்லை' என்று சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? சொல்லாமல் விட்டால் அது பொய்யாகி, அதற்காக ஏதாவது ஆகிவிடுமோ? இரண்டு பக்கமும் யோசித்து முடிப்பதற்குள் செய்தி தெருமுனை தாண்டிவிட்டது.

பாரி வளரும் வீட்டில் கவிச்சி கூடாது. மாமியார் மீன்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினார். விசைத்தறிக் கூடத்தில் நின்று களைத்துப்போய் வந்த என் கணவர், தட்டில் கிடந்த புடலங்காயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீன் வளக்கப் போறேன்னு சொல்லி, உள்ள மீன்கொழம்பையும் நிறுத்திட்டியேட்டி!"

கொடையின் கடைசி நாள் சாயங்காலம், "உன்னதையும் இன்னைக்கே கரைச்சிரணும்" என்றார் மாமியார். எனக்கும் நிரப்ப வேண்டிய கட்டம்தான். சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். கணவர் வாங்கி வந்த கப்பி மீன்கள் பிளாஸ்டிக் பையில் தயாராகத் தொங்கின. வெறுங்கோலத்தில் கரைக்கக் கூடாது என்று மாமியார் என்னைப் பட்டுச்சேலை கட்ட வைத்தார். கோயிலுக்குக் கிளம்பிய பெண்கள் எல்லோரும் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள்.

மண் கலங்காமலிருக்க ஒரு தட்டை உள்ளே வைத்து, அதன்மேல் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். ஆவுடையக்கா குலவையை எடுத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாழினி மாமியாரின் இடுப்பில் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே லேசாகப் புல்லரித்தது.

தண்ணீர் பாதி ஏறியிருக்கும். ஒரு மூலையில் புல் லேசாகத் தூக்கியது. நான் விரலால் அமுக்கினேன். எதிர்மூலை தூக்கியது. அதையும் அமுக்கினேன். உடனே நடுவில் தூக்கியது. அப்புறம், படுத்திருந்தவர் எழுந்ததும் பாயும் கூடவே எழுந்ததுபோல், மொத்தக் கம்பளமும் வேரோடு மேலே வந்தது. பின்னாலேயே கறுப்பு மண் பொங்கி, தொட்டி டிக்காஷன் ஆகிவிட்டது.

"ஏட்டி, பாரி தானாக் கரையுதுட்டீ!" என்று கத்தினார் ஆவுடையக்கா. "அம்மன் ஏத்துக்கிட்டா!"

குலவை இரண்டு மடங்காயிற்று. நான் "அய்யோ, அய்யோ" என்று பட்டுச்சேலையோடு தோள்வரை கையை விட்டுப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க வந்தது. கசங்கிய இலையிலிருந்து பழக்கமான மணம் ஒன்று எழுந்தது. எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா முளைத்தால் வருகிற அதே செடி. தண்ணீருக்குள் இரண்டு நாள் கூட உயிரோடு இருக்காத தரைச்செடியைத்தான் இத்தனை காலம் குழந்தைபோல் பார்த்து வளர்த்திருக்கிறேன். படத்தைக் காட்டி எதையோ தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் மண், காதில் புல், கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை 'ஆ'வென்று திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை வீணாக்குவாரா என் மாமியார்? கையிலிருந்த கிண்ணத்தில் பருப்புச்சோற்றை உருட்டி உருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பும்போது கிண்ணம் கிட்டத்தட்டக் காலி. போன் எங்கேயோ கிடந்தது.

"நீ பிடுங்குட்டி, நிறுத்தாத!" என்றார் மாமியார். "இன்னும் ரெண்டு வாய் வாங்குவா!"

அடுத்த தடவை மருத்துவரிடம் போனபோது, "போன எப்படிம்மா நிறுத்துனீங்க?" என்று கேட்டார். நான் கௌரவமாக ஏதோ ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, முழுக்கதையையும் குலவையோடு சொல்லி முடித்துவிட்டார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

இன்றும் பால்காரர் என்னைக் கண்டால், "மீனு எத்தனை லிட்டர் கறக்குது மக்கா?" என்றுதான் கேட்கிறார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். யாழினிதான் விடமாட்டேன் என்கிறாள். இப்போது தொட்டியில் வெள்ளைக் கூழாங்கல்லும் கப்பி மீன்களும் இருக்கின்றன. அவற்றை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தட்டு வந்ததும், "அம்மா, புல்லு பிடுங்கு" என்கிறாள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டு, இல்லாத புல்லைப் பிடுங்குகிறேன். "அய்யோ சொல்லும்மா" என்கிறாள். சொல்கிறேன். முதலில் என் கையைக் கண்டு மீன்கள் சிதறி ஓடும். இப்போது சாப்பாட்டு நேரம் ஆனதும் அவையே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நிற்கின்றன.