மூன்று நிமிடத்தில் நான் வாங்கித் தந்த மானியம்

அரிசோனா வெயிலில் காயும் அன்புத் தங்கை நடீனுக்கு, உன் அண்ணன் வெர்லின் நலமாகவும் வழக்கத்தைவிடச் சற்றுப் பெருமையாகவும் எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மகள் ட்ரெஸாவைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம். அவளை விட்டுப் பிரிந்துபோன அந்தக் கர்ட் பயலின் முற்றத்தில் நின்ற புல்வெட்டும் வண்டியை, தன் காசில் வாங்கியதுதானே என்று இவள் பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டு வர, ரசீது அவன் பேரில் இருந்ததால் திருட்டு வழக்காகிவிட்டது அல்லவா? விசாரணைக்குப் பதிலாக அந்த மாற்றுத் திட்டத்தில் சேர்ந்து, வகுப்புக்குப் போய், உணவு வங்கியில் மூட்டை தூக்கி, ஆகஸ்ட் வரை ஒழுங்காக இருந்தால் வழக்கே கிடையாது, நர்ஸ் உரிமமும் பத்திரம். ஆனால் மாநில அரசின் மானியம் ஜூனோடு நின்றால் திட்டத்துக்குப் பூட்டு, இவள் கோர்ட்டுக்கு. மானியத்தைத் தொடரச் செய்யும் மசோதா பற்றி நேற்றுத் தலைநகரில் சட்டமன்றக் குழு ஒன்று மக்களிடம் கருத்துக் கேட்டது. விடுவேனா நான்?

நாலு மணி நேரப் பயணத்தை இரண்டரையில் முடித்தேன். வாசலில் ஒரு சீட்டைக் கொடுத்து, ஆதரவா எதிர்ப்பா என்று குறிக்கச் சொன்னார்கள். மானியத்தை நிறுத்துவதை எதிர்க்கத்தானே வந்திருக்கிறேன்? ‘எதிர்ப்பு’ என்ற கட்டத்தில் பேனா முனை வளைகிற மாதிரி ஒரு டிக் போட்டேன்.

குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மிஸ்டர் ஸ்டக்கி, நீங்க ஒருத்தர்தான் எதிர்ப்புன்னு போட்டிருக்கீங்க."

"ஒருத்தன் போதும் மேடம்!" என்றேன். சபையே ஆடிப்போனது.

"அப்ப இந்தத் திட்டம் வேணாம்ங்கிறீங்களா?"

"யாரு சொன்னது? என் தங்கச்சி மக பொழப்பே அதுலதான் நிக்குது!"

"பின்ன யாரைத்தான் சார் எதிர்க்கிறீங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நிறுத்துறவரு கையத் தூக்கட்டும், பாத்துக்கிறேன்."

ஒருவருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. எல்லாம் உணர்ச்சிப் பெருக்குதான். பேச எனக்குத் தந்த மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. நம் ஊரில் இருக்கும் ஒரே சிக்னலையே நான் மதித்ததில்லை, தொடர்ந்து பேசினேன். அப்புறம் ஒருவர் ஏதோ முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, குழுவின் பதினோரு பேரும் ஒரே குரலில் ‘ஆம்’ என்றார்கள். இரண்டு பேர் அழுதார்கள் என்றுகூடச் சொல்வேன். உடனே எல்லாரும் வெளியே ஓடினார்கள், ஆளுநரிடம் சொல்லத்தான் இருக்கும்.

ஆண்டவர் உன்னையும் உன் முழங்காலையும் காப்பாராக. உன் பூனையையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
மானியம் வாங்கித் தந்த அண்ணன்,
வெர்லின் ஸ்டக்கி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ட்ரெஸா வந்து படித்துவிட்டாள். "மாமா, அவங்க ஓட்டுப் போட்டது சாப்பாட்டுக்குக் கலையுறதுக்கு. மசோதா வியாழக்கிழமை மறுபடி வருது" என்கிறாள். சபைப் பதிவையும் ஃபோனில் காட்டினாள்: கருத்துச் சொல்ல வந்த மக்களில் ஆதரவு பதினேழு பேர், எதிர்ப்பு ஒருவர், நான். வியாழக்கிழமை அவளே போய்ப் பேசப்போகிறாளாம். "பேரு வெளிய வந்துருமேம்மா, யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும்?" என்றேன். "நீங்க பேசுனதுக்கப்புறம் யாராவது பேசித்தான் ஆகணும் மாமா" என்றாள். நான் வண்டி மட்டும் ஓட்ட வேண்டுமாம். உன் நீலக் கோட்டை இன்றே விரைவுத் தபாலில் அனுப்பு. அவளிடம் அந்த இடத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒன்றும் இல்லை.