சம்பளமில்லாத நுழைவாயில் அதிகாரி

ஐந்தாண்டுத் திட்டம் தீட்டியவர்கள் தில்லியில் போய் உட்கார்ந்தது சரித்திரப் பிழை. அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், இலஞ்சிக்குப் பிரியும் விலக்கருகே இருந்த எங்கள் டூரிங் டாக்கீஸ். 1958-இல் எங்கள் முதலாளி நம்பிராஜன் அங்கேதான் 'கூலிச் செலவுக் குறைப்பு'க்காக அல்லும் பகலும் பாடுபட்டார். மானேஜர் என்ற முறையில் அடியேன் சாட்சி.

முதலில் டிக்கெட் கொடுப்பவரையும் கிழிப்பவரையும் ஒரே ஆளாக்கினார். கொடுக்கும்போதே கிழித்துக் கொடுத்தால் தீர்ந்தது. பிறகு படம் ஓட்டும் முகம்மது மீரானிடமே ஆயில் எஞ்சினையும் இடைவேளை முறுக்கையும் ஒப்படைத்தார். மீரான் எஞ்சின் துடைத்த கையோடு முறுக்கு விற்றார். முறுக்கில் எண்ணெய்க்குக் குறைவில்லை என்று ரசிகர்கள் பாராட்டினார்கள்.

மிச்சமிருந்தது, பெண்கள் பக்கத்து வாசலில் நிற்கும் முப்பிடாதியம்மாள். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று முதலாளி கேட்டார்.

"என் ரெண்டு பிள்ளையளும் இதுலதான் கஞ்சி குடிக்குதுவ, மொதலாளி" என்றாள் அவள்.

முதலாளி மனம் இளகி, நல்வாழ்த்துச் சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

மறுநாள் அந்த வாசலில் என்னை நிறுத்தினார். சாரல் நேரம். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் திரண்டு வந்தன. பெண்கள் என் மீசையைப் பார்த்தார்கள், திரும்பிவிட்டார்கள். ஆம்பிளை காவல் நிற்கும் வாசலுக்குள், இருட்டில் போய் உட்கார எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சம்மதிக்கமாட்டாள். கூட வந்த ஆண்களும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்கள். சீசன் வசூல் கண்ணெதிரே நடந்து போயிற்று.

அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி தலைமை வகித்தார், நான் ஆமோதித்தேன். 'சம்பளமற்ற மகளிர் நுழைவாயில் அதிகாரி'யாக முதலாளியின் மனைவி கோமதியம்மாள் ஏகமனதாக நியமிக்கப்பட்டார். அவரைக் கேட்கும் வழக்கம் இல்லாததால் கேட்கவில்லை.

அன்றே பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. முதலாளி பூரித்துப்போய் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அடுப்பு எரியவில்லை. சமையலுக்கு ஒரு ஆள் வைத்தார். சமையல் ஆள் தண்ணீர் இறைக்க மாட்டாராம். அதற்கு ஒரு ஆள். மாடு கறக்க ஒரு ஆள். வாதத்தில் கிடந்த தாயாருக்குத் தைலம் தேய்க்க வந்தவள், கிழவியின் வாயைக் கேட்டுவிட்டு இரட்டைச் சம்பளம் கேட்டாள். ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்க நான்கு பேருக்குச் சம்பளம் என்ற உயர்ந்த நிலையை நிர்வாகம் எட்டியது.

"இம்புட்டு வேலையும் இத்தன நாளும் யாருவே பாத்தா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். குடும்ப விவகாரம் என்பதால் நான் கருத்துச் சொல்லவில்லை.

முப்பிடாதியம்மாளுக்கு ஆள் போயிற்று. அவள் சம்பளத்தைக் கூட்டிப் பேசி முடித்த பிறகே வாசலில் வந்து நின்றாள். எனக்குப் பெரிய நிம்மதி.

முதலாளி உள்ளே போய் மனைவியை வீட்டுக்கு அழைத்தார். கோமதியம்மாள் மணல் தரையில் காலை நீட்டி, மீரானின் முறுக்கைக் கடித்தபடி படம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"வாரேன். அங்கன நாலாளு வேலைக்கு எனக்கு என்ன சம்பளம் போடுதீய?"

'இங்கு ஓசி கேட்காதீர்' என்று கொட்டகை வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு மாட்டியிருந்த முதலாளி, மனைவி பக்கத்தில் மணலில் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.