ஒரே வார்டில் இரண்டு ரங்கநாயகி

ஸ்ரீரங்கம்,
24ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.

‘நலக்காவல்’ காலாண்டிதழின் ஆசிரியர் திரு. ஹபீபுல்லா அவர்களுக்கு, உத்திர வீதி ரங்கநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றவை சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும்.

தங்களை எனக்கு முன்பின் தெரியாது. கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவள் நான். என் பேத்தி தேவதர்ஷினியின் மேசையில் கிடந்த தங்கள் இதழையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆஸ்பத்திரிகளில் ரிஸ்க் மேனேஜராக இருப்பவர்கள் தங்கள் வேலையில் கற்றதை எழுதி அனுப்பலாம், முப்பதாம் தேதி கடைசி நாள் என்று போட்டிருந்தீர்கள். என் பேத்திக்கு அதே வேலைதான். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் படித்த படிப்பின் பெயரைச் சொல்லவே எனக்கு இரண்டு மூச்சு வேண்டும்.

அது என்ன வேலை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இன்னும் நடக்காத தப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதாம். நடக்காததை எங்கே போய்த் தேடுவது? குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியில் பார்க்க வந்தவர்கள் வயர்கூடையை மாட்டுகிறார்களா, துடைத்த தரை காய்வதற்குள் நோயாளியை நடக்க விடுகிறார்களா என்று சுற்றிச் சுற்றி வருவாளாம். பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு என்னங்க வேலை பாக்குது?” என்று கேட்டபோது, “ஒண்ணும் நடக்காம பாத்துக்கிதுங்க” என்றேன். காபியை முடிக்காமலே எழுந்து போய்விட்டார்கள்.

போன தை மாதம் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. எதிர்க் கட்டிலில் இன்னொரு ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்தில் இது அதிசயமில்லை, வீதியில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை உண்டு, எனக்கு இல்லை. கையில் கட்டிவிட்ட பெயர்ப் பட்டையை வளையலுக்கு இடைஞ்சல் என்று நான் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நர்ஸ் வள்ளிக்கண்ணு ஊசியோடு வந்து, “ரங்கநாயகி அம்மாங்களா?” என்றது. “ஆமாம்மா” என்றேன். “வீட்டுக்காரர் பேரு ரங்கராஜனுங்களா?” என்றது. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பெயரின் முன்பாதி அதுதான், பின்பாதி வேறு. இல்லை என்றால், “அப்ப என்ன பேருங்க?” என்று அந்தப் பெண் கேட்குமே! கட்டிக்கொண்ட ஐம்பத்து நான்கு வருஷத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாதி சரியாகத்தானே இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டேன். ஊசியைப் போட்டுவிட்டது. அது எதிர்க் கட்டிலுக்குப் போட வேண்டிய சர்க்கரை ஊசி. கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, நாக்குக் குழறிவிட்டது. டாக்டர் முஜிபுர் ரஹ்மான் மாடிப்படியில் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு டாக்டரிடம், “என் பேரச் சொல்றதுக்கு ஊசியே தேவலாம்னு இருந்திருக்கா பாருங்க” என்றார்.

தேவதர்ஷினி வள்ளிக்கண்ணுவை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைத்தான் மூன்று நாள் குடைந்தாள். “அப்பாயி, ஏன் தலைய ஆட்டுன? அந்த நேரத்துல என்ன நெனச்ச?” பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். நர்ஸ் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது, நோயாளியே சொல்ல வேண்டும். வயதான பெண்களிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்கக் கூடாது. பிறந்த தேதி கேட்டும் பிரயோஜனமில்லை, வெள்ளம் வந்த வருஷத்து ஆடி என்பதற்கு மேல் எனக்கே தெரியாது. கதவு எண்ணும் வீதியும் கேட்டால் போதும். உத்திர வீதியா, சித்திரை வீதியா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் கிழவியும் மாற்றிச் சொல்ல மாட்டாள். அன்றிலிருந்து அங்கே ஊசி மாறவில்லை.

ஆனால் இத்தனையும் அவள் அலமாரியில் ஒரு ஃபைலுக்குள் கிடக்கிறது. சமயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எத்தனை முத்துமாரிகள் படுத்திருப்பார்கள்? இந்த நிமிஷம் அங்கே ஒரு நர்ஸ் ஊசியோடு நின்று வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கேயும் ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டிருக்கலாம். எனக்கு டாக்டர் ஓடி வந்தார், அவளுக்கு யார் வருவார்? எழுதடி என்றால் கேட்கவில்லை.

“அதுல எழுத என்ன அப்பாயி இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா எனக்கு ஏன்டி ஊசி போட்டாங்க?”

“பெரிய பெரிய ப்ரொஃபஸருங்க எழுதற பத்திரிகை. நான் எழுதினா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. படிச்சிட்டுத்தானே சிரிக்கணும்?”

இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருமே இப்படித்தானா, ஐயா? ஒரு ஆஸ்பத்திரி பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த ஆஸ்பத்திரியும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆகவே நானே எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் ஜாக்கிரதையாக விட்டிருக்கிறேன். பிழை திருத்தி, என் பேத்தி பெயரில் போட்டுவிடுங்கள்.

தங்கள் இதழ் செழிக்கவும், தங்கள் குடும்பத்தில் எவருக்கும் மருந்து மாறாதிருக்கவும் தாயாரை வேண்டிக்கொள்ளும்,

ரங்கநாயகி.

பி.கு.: முகவரி எழுதித் தரச் சொல்லி இதை அவளிடமே கொடுத்துவிட்டேன். நின்றபடி படித்தவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “வள்ளிக்கண்ணு பேர எழுதியிருக்க, டாக்டர் பேர எழுதியிருக்க! நாளைக்கு அந்தப் பொண்ணு வார்டுல தலை நிமிந்து நடக்க வேணாமா? இப்படியா எழுதறது?” என்றாள். “எப்படி எழுதறதுன்னு எனக்கு என்னடி தெரியும்? நீ எழுதிக் காட்டு” என்றேன். கோபத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதி முடித்துவிட்டாள். அந்த ஆறு பக்கமும் இந்த உறையில் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் இதையும் உள்ளே வைத்திருக்கிறேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். அவள் எழுதியதை மட்டும் போடுங்கள். அதில் யார் பெயரும் இல்லை. ‘எழுபத்தாறு வயது முதிய பெண் நோயாளி’ என்று ஓர் இடத்தில் வரும். அது நான்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் சொல்லுங்கள்.