லைட்ஆஃப் சாரின் மஞ்சள் நட்சத்திரம்

பெங்களூரில் கரண்ட் போனால் கைதட்டிக் கொண்டாடும் ஒரே ஜீவன் எங்கள் லைட்ஆஃப் சார்தான். வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்டில் எனக்கு எதிர் வீடு. நிஜப் பெயர் செக்யூரிட்டிக்குக்கூட மறந்துபோச்சு.

எல்லாம் அவருடைய கல்யாண நாளில் ஆரம்பித்தது. மனைவி சாந்தி அக்கா தங்கச் செயின் கேட்டார். மனுஷர் அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "அந்த மஞ்ச நட்சத்திரம் உனக்குத்தான்" என்றிருக்கிறார்.

"எதுங்க? ஒண்ணும் தெரியலையே!"

"மங்கலாத்தான் இருக்கும். ஆனா ராட்சத சைஸு. நம்ம சூரியனுக்கே பெரியப்பா முறை!"

"பேரு என்ன?"

"பேரெல்லாம் கிடையாது. நம்பர்தான்."

"அதைக் கண்ணுல காட்டுற வரைக்கும் என்கிட்டப் பேசாதீங்க!"

அக்கா சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை முழுக்க என் வழியாகத்தான்.

"சார், சாம்பார்ல உப்பு கம்மின்னு அவகிட்டச் சொல்லுங்க."

"வாய்க்கொழுப்பு இருக்கே, உப்பு எதுக்குன்னு அவர்கிட்டக் கேளுங்க சார்."

நடுவில் என் இட்லி ஆறிப்போகும்.

வைட்ஃபீல்ட் வெளிச்சத்தில் நிலாவே சோகை பிடித்த மாதிரி இருக்கும். இதில் மங்கல் நட்சத்திரம் எங்கே தெரிய? சாயங்காலமானால் சார் கதவு கதவாகத் தட்டுவார். "லைட் ஆஃப் பண்ணுங்க, அஞ்சே நிமிஷம்!" கரண்ட் போனால் மாடிக்கு ஓடுவார். பாதிப் படி ஏறுவதற்குள் ஜெனரேட்டர் உறுமும், எல்லாம் பளிச்.

ஒருநாள் பொறுக்காமல் பேஸ்மெண்ட்டில் ஜெனரேட்டர் ரூம் வாசலை மறித்து நின்றுவிட்டார். அதை ஓட்டும் ரேணுகப்பா, "பேடா சார், வேணாம், லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிட்டாங்க!" என்று கெஞ்சுகிறார். அந்த ஆள் நான்தான், கையில் தோசை மாவுப் பாக்கெட்டோடு. லிஃப்ட் இடுக்கு வழியாக சாரின் குரல்: "கொஞ்சம் பொறுங்க, மேகம் விலகுது!" பேஸ்மெண்ட்டில் நின்றுகொண்டு மேகம் விலகியது எப்படித் தெரிந்ததோ, அவருக்கே வெளிச்சம்.

தொல்லை தாங்காமல் அசோசியேஷனே ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐந்து நிமிஷம் இருட்டு சாங்ஷன் பண்ணியது. மாடியில் திருவிழாக் கூட்டம்.

"அதா சார்?"

"அது பிளேன்யா."

"அப்ப அது?"

"வியாழன்! ஸ்கூல் பக்கம் போயிருக்கீங்களா?"

தப்பாகக் காட்டிய ஒருத்தரையும் மனுஷர் சும்மா விடவில்லை. அப்போது பார்த்து மேகம் வந்து வானத்தை மொத்தமாக மூடிவிட்டது. சாருக்கு முகம் தொங்கிப்போச்சு. லிஃப்ட் கோபமெல்லாம் மறந்து எனக்கே பாவமாக இருந்தது.

திடீரென்று சாந்தி அக்கா தெற்கே கை நீட்டினார்.

"ஏங்க, அதானே? மங்கலா, மஞ்சளா?"

அது பக்கத்துக் கட்டடத்துக் கிரேன் உச்சியில் எரியும் விளக்கு. ஊரையே திருத்துகிற மனுஷர் தலையாட்டினார்.

"அதேதான் சாந்தி."

"நல்லாத்தாங்க இருக்கு."

மறுநாள் லிஃப்டில் அக்காவிடம், "அது வந்துங்கக்கா..." என்று இழுத்தேன்.

"கிரேன் லைட்டுன்னு எனக்குத் தெரியாதா சார்? அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

போன மாசம் கட்டடம் முடிந்து கிரேனைக் கழற்றிவிட்டார்கள். அன்று ராத்திரி இரண்டு பேரும் மாடியில் நின்று தெற்கே தேடிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளே ரேணுகப்பாவைத் தாஜா பண்ணி, தெற்குப் பக்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மஞ்சள் பல்பு மாட்டச் சொன்னேன்.

ஊர் விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லும் சார், அதை மட்டும் இதுவரை அணைக்கச் சொல்லவில்லை.