வாசுகியை நான் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

ஆங்கிலம் தெரியாமல் வெளிநாட்டில் அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர். தமிழ் தெரியாமல் அவமானப்பட்ட தமிழன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்த கும்பகோணத்துக்காரன் நான். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். என்னோடு வேலை பார்த்த வாசுகி யாழ்ப்பாணத்துப் பெண். நாங்கள் காதலித்தது முக்கால்வாசி ஆங்கிலத்தில். (அலுவலகத்தில் தமிழில் கொஞ்சினால், சண்டை போடுகிறோம் என்று மற்றவர்கள் விலக்கிவிட வந்தார்கள்.) அவளுக்கு இங்கே அண்ணன் குமரன்தான் எல்லாம். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் குமரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறம் கிளம்பிவிடுவார். ஒரு வாரம் என்னையும் வரச் சொன்னார். கல்லூரிக்கே நான் சைக்கிளில்தான் போனேன் என்று வாசுகி அவரிடம் அளந்து வைத்திருந்தாள். போனது உண்மைதான். கல்லூரி அடுத்த தெருவில் இருந்தது.

குமரன் தன் ஹில்ஸ்பரோ வீட்டிலிருந்து இரண்டு சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார், உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டையில். நான் ஜீன்ஸ் போட்டு, அது சங்கிலியில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தேன். எனக்குக் கொடுத்த சைக்கிளின் சீட் அரிவாள்மணை அகலம்தான் இருந்தது. நான் அதில் ஏறித் தவித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “தம்பி, கலியாண விசயம் ஹெலன்ஸ்வில்லிலை போயிருந்து ஆறுதலாக் கதைப்பம்.”

எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. எங்கள் பக்கம் ஆறுதலாகப் பேசுவது இரண்டே இடத்தில்: இழவு வீட்டில், அல்லது பரீட்சையில் கோட்டை விட்டவனிடம். ஆக, பெண் கிடையாது என்று முடிவாகிவிட்டது. அதை வாசலிலேயே சொல்லித் தொலைக்காமல், ஹெலன்ஸ்வில் என்ற ஊர் வரை நாள் முழுக்க மிதிக்க வைத்துச் சொல்லப் போகிறார்.

நகரம் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் வந்தன. பிறகு பசுக்கள், பசுக்களுக்குப் பின் ஒரு மேடு, மேட்டுக்குப் பின் இன்னொரு மேடு. நடுவில் அகப்பட்ட கொஞ்சம் சமதரையிலும் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. உட்காரும் இடம் மரத்துப் போய், மரத்த பிறகும் வலித்தது.

முதல் மேட்டின் உச்சியில் குமரன் காத்து நின்றார். “ஆறுதலா வாங்கோ தம்பி,” என்றார். அழுதுகொண்டே ஏறாதே, மனதைத் தேற்றிக்கொண்டு ஏறு என்கிறார்! இவ்வளவு நல்ல மனிதருக்கு மச்சானாகக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்ததும் நிஜமாகவே அழுகை வந்தது. மழையும் சேர்ந்து வந்ததால் வெளியே தெரியவில்லை. அடுத்தடுத்த மேடுகளிலும் அதையே சொன்னார். ஒவ்வொன்றிலும் வாசுகி என்னை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

ஹெலன்ஸ்வில்லில் ஒரு டெய்ரி வாசலில் நிறுத்தினோம். (இந்த ஊரில் டெய்ரி என்றால் மாட்டுப்பண்ணை அல்ல, மூலைக் கடை. அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.) இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, வாசுகி எல்லாம் சொன்னவள். இனி ஆறுதலா...”

நான் உடைந்துவிட்டேன். “வேணாம்ணே. ஆறுதல்லாம் வேணாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாசுகிய நான் மறந்துடறேன். நீங்க அவளுக்கு நல்ல இடமா பாருங்க.”

வாய்க்குக் கொண்டுபோன ஐஸ்கிரீமை அவர் கீழே இறக்கினார். “வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?”

வடிவு என்றால் அழகு. என் தியாகத்தின் அழகைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, உருகி வழிந்த ஐஸ்கிரீமோடு, தலையை நிமிர்த்தி ஆமாம் என்றேன். அவர் தன்னுடையதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார். அதற்குப் பிறகு எந்த மேட்டிலும் காத்து நிற்கவில்லை.

பாதி வழியில் சாலையோரம் சரிந்து கிடந்த என்னை ஒரு விவசாயி தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டார், சைக்கிளோடும் அவருடைய நாயோடும். நாய் என் கையை நக்கியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

மறுநாள் அலுவலகத்தில் வாசுகி நேராக என் மேசைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. முதல் தடவையாக என்னிடம் முழுக்கத் தன் தமிழில் பேசினாள்.

“என்னை விட்டுக்குடுக்க நீர் ஆர்?”

அண்ணனே ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தபோது நான் வேறென்ன செய்ய முடியும் என்று முனகினேன். அவள் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஆறுதலா எண்டா அவசரப்படாமல். வடிவா எண்டா நல்லா, தெளிவா. அண்ணா ஓம் எண்டு சொல்லத்தான் உம்மைக் கூட்டிக்கொண்டு போனவர்.”

கிடைத்துவிட்ட பெண்ணை, ஐஸ்கிரீம் ஒழுகும் கையோடு நானே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று மாலையே ஹில்ஸ்பரோவுக்கு ஓடினேன். உட்காரக்கூட முடியாமல் வாசலில் நின்றபடி, மழையில் அழுதது உட்பட நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். குமரன் சிரிக்கவில்லை. தன் தங்கை இரவெல்லாம் அழுததைச் சொன்னார். பிறகு, “சரி தம்பி. இப்ப நான் ஆறுதலா யோசிச்சுச் சொல்லுறன்,” என்றார்.

இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. கோடை முழுக்க யோசித்தார். எனக்கு ஏழு கிலோ குறைந்தது.

ஒருவழியாகச் சம்மதித்து ‘ஓம்’ என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கேயாவது சேர்ந்து கிளம்பும்போது நான் பின்தங்கினால், மச்சான் திரும்பி நின்று, “ஆறுதலா வாங்கோ,” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறார். குடும்பமே சிரிக்கிறது. நான் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் அது தேவைப்படத்தான் செய்கிறது.