தண்ணீர் இருக்கும்போதே

ஹாப்டே ஏரிக்கரை,
மே 9, புதன்கிழமை.

வயல்லாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கும் என் மூத்த சகோதரி ஐலீன் அக்காவுக்கு, தம்பி லாயிட் அன்போடு எழுதிக்கொள்வது. இங்கே நான், மோரீன், கிர்ஸ்டன், நாய்கள் இரண்டு எல்லோரும் சுகம். மூன்றாவது நாய் பெலிகன் பறவையோடு வம்புக்குப் போய் மூக்கில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது, மற்றபடி அதுவும் சுகம். உன் முழங்காலும், உன் முழங்காலைப் பற்றி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் அத்தானும் நலமாயிருக்க வேண்டும். போன வாரம் போனில் "கல்யாணம் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டாய். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு எந்தக் காலத்தில் வந்திருக்கிறது? அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஏரிக்குத் தண்ணீர் வந்ததை உனக்குச் சொல்லியாகிவிட்டது. எங்கேயோ குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை, மூன்று வாரம் மணலில் ஊர்ந்து ஊர்ந்து, ஏப்ரல் பிறந்ததும் வந்து சேர்ந்தது. நீயும் அத்தானும், நானும் மோரீனும் எப்படி ஏரிக்குள் நிற்கிற வெள்ளைக் கம்பத்துப் பக்கத்தில் காலை நனைத்துக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டோமோ, அப்படித்தான் என் பெண் கிர்ஸ்டனும் டேமனும் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். டேமன் கிணற்றுப் பம்பு ரிப்பேர் பார்க்கிறவன், நல்ல பையன், ஆனால் எதற்கும் அவசரப்படாதவன். "மழை வரவேணாம்னு ராத்திரியெல்லாம் ஜெபம் பண்றது இவன்தான்" என்று என் கூட்டாளி நெவில் அவனை வைத்துக்கொண்டே கிண்டலடிப்பான், அதற்கும் சிரித்துவிட்டுப் போவான்.

உன் காலத்தில் இல்லாத ஒரு தொல்லை இப்போது உண்டு அக்கா, கேள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே படிவம் கொடுத்து வைக்க வேண்டும். கொடுத்த படிவத்துக்குப் பதினெட்டு மாதம்தான் ஆயுள். ஏரி எப்போது நிரம்பும் என்று ஏரிக்கே தெரியாது. ஆகவே நம் ஊரில் நிச்சயமான ஜோடிகள் வானத்தில் மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் படிவம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிற மாதிரி. இவர்கள் நாலு படிவம் கொடுத்தார்கள், நாலும் காலாவதியாயின. ஐந்தாவது படிவத்தைப் பிப்ரவரியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கிர்ஸ்டன் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிப் போகிற அவசரத்தில், கிளெனிஸிடம் சேர்த்துவிடும்படி என் கையில் கொடுத்தாள். கிளெனிஸ் யார் என்று கேட்காதே, தபாலாபீஸில் பாதி நாள், கல்யாணம் நடத்திவைப்பதில் மீதி நாள், ரோச் வீட்டு மருமகள். நான் அதை என் ரோடு போடுகிற வண்டியில், வெயில் மறைப்புக்கு மேலே செருகினேன். அப்படியே மறந்தேன். மறந்தது மட்டுமா, ஒருநாள் எண்ணெய் எவ்வளவு ஊற்றினேன் என்று அதன் முதுகிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். மார்ச்சில் நாலாவது படிவம் செத்தது. ஏப்ரலில் தண்ணீர் வந்தது. ஊரே கரைக்கு ஓடியது, கிர்ஸ்டன் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள், கிளெனிஸ் கோப்பைத் திறந்தாள், ஐந்தாவதைக் காணோம்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். நான் செய்தது வேறு. "தபாலாபீஸ்ல எங்கியாவது மாட்டியிருக்கும்" என்றேன். எல்லோரும் கிளெனிஸைப் பார்த்தார்கள். அவள் இரண்டு நாள் அலமாரி அலமாரியாக இழுத்துப் போட்டுத் தேடினாள். பதினேழாம் தேதி நான் எண்ணெய்க் கறையோடு படிவத்தைக் கொண்டுபோய், எங்கேயோ கிடைத்ததாகச் சொல்லி நீட்டினேன். அன்றைக்குக் கணக்கு வைத்தால் மே பத்தொன்பது சனிக்கிழமைதான் முதல் தோதான நாள். ஒரு மாதத்தைக் குறைக்க முடியுமா என்று கிளெனிஸ் நகரத்து அதிகாரிக்குப் போன் போட்டாள். குறைக்கலாம், அதற்கென்று காரணப் பட்டியல் இருக்கிறது, ஏரி வற்றிவிடும் என்பது அதில் இல்லை என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் டேமன் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். குரலே உயரவில்லை. "பத்தொன்பதாந்தேதி வரைக்கும் தண்ணி நின்னா சரி மாமா. நிக்கலைன்னா ஆறாவது படிவத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன். எனக்கு முப்பத்திநாலு ஆவுது. கிர்ஸ்டனோ காய்ஞ்ச ஏரியில கட்டிக்கமாட்டேங்கிறா. அப்புறம் அவ வழி அவளுக்கு, என் வழி எனக்கு." பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு போனான். யோசித்துப் பார் அக்கா. ஆறு வருஷத்து உறவு ஒன்று, என் வண்டியின் வெயில் மறைப்பில் செருகிய காகிதத்தால் அறுந்துபோகப் பார்க்கிறது.

தினமும் காலையில் போய் வெள்ளைக் கம்பத்தில் தண்ணீரை அளக்க ஆரம்பித்தேன். அங்கேதான் நீர் அளக்க வந்திருக்கிற அரசாங்கத்துப் பெண் பழக்கமானாள், பெட்ரா என்று பெயர். அவள் கரையில் ஒரு பலகை நட்டிருக்கிறாள், அதில் நம் ஏரிக்கு 'எஃபெமரல்' ஏரி என்று போட்டிருக்கிறது. நெவில் அதைப் பார்த்து, ஏதோ நோயின் பெயரை நம் ஏரிக்கு வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கே போனான். நான் வீட்டுக்கு வந்து கிர்ஸ்டனின் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன் அகராதி புரட்டுகிறானே என்று மோரீன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பார், நெவில் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கிரேக்கர்கள் 'ஒரு நாளைக்கு' என்கிற பொருளில் வைத்திருந்ததாம் அது. ஒரே நாளில் வந்து போகிற காய்ச்சலுக்கு வைத்தியர்கள் அதைச் சொன்னார்களாம். பிறகு ஒரு நாள் மட்டும் சிறகடிக்கிற பூச்சிக்கு வந்தது. மழை பெய்ததும் முளைத்து, அவசரமாகப் பூத்து, விதையைப் போட்டுவிட்டுக் காய்ந்துபோகிற செடிகளுக்கு வந்தது, நம் மணல்மேட்டில் இப்போது மஞ்சளாகக் கிடக்கிறதே அதற்கு. ரயில் டிக்கெட், குதிரைப் பந்தய நோட்டீஸ், கடைச் சீட்டு, படித்ததும் எறிகிற காகிதங்களுக்கும் அதே சொல்தானாம். அதில் ஒரு வேடிக்கை, எறிய வேண்டிய அந்தக் காகிதங்களைப் பொறுக்கிப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கிற ஆட்கள் பெரிய நூலகங்களில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று பெட்ரா சொன்னாள்.

சொல் தெரிந்ததும் சும்மா இருப்பேனா. மோரீன் சுட்ட கேக்கை எஃபெமரல் என்றேன், அடுத்த நாள் கேக் இல்லை. என் தும்மலை அப்படிச் சொன்னபோது பெட்ரா தலையை ஆட்டினாள். தும்மலும் நொடியில் போவதுதான், ஆனால் தும்மலுக்கு யாரும் அந்தச் சொல்லைப் போடுவதில்லையாம். ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் நாலு நாள் ரோடு போட்டுக்கொண்டே யோசித்தேன். எனக்குப் பட்டது இதுதான். சீக்கிரம் போனால் மட்டும் போதாது, போன பிறகு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தும்மலைத் திரும்பிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஏரிக்கு நாம் இருக்கிறோம். எப்போதும் இருக்கும் என்று நினைத்தவற்றை, உதாரணமாக உன்னை, நான் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன்? வயல்லா ஐந்து மணி நேரத் தூரம், கடைசியாக நான் வந்தது அத்தானுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது. சரி, அதை விடு, எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

படகுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாராவது உனக்குப் பெரிதாக்கிச் சொல்வதற்கு முன். பெண்ணைக் கரையிலிருந்து கம்பம் வரைக்கும் தகப்பன்தான் படகில் கொண்டுபோக வேண்டும் இல்லையா. நம் அலுமினியப் படகைக் கொட்டகையிலிருந்து இழுத்து, ஒன்பது வருஷத்துத் தூசியைத் தட்டி, நானும் நெவிலும் ஏறி உட்கார்ந்து பத்துத் தள்ளு தள்ளினோம். பதினோராவது தள்ளில் உட்கார்ந்த இடம் குளிர்ந்தது. அடியில் வரிசையாகப் பதினோரு ஓட்டை. "எவன்டா போட்டான் இதை?" என்று நெவில் கத்தினான். கத்தி முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, நான்தான். வறட்சி வருஷத்தில் அதை ஆடுகளுக்குத் தீவனத் தொட்டியாக வைத்திருந்தேன், கழுவிவிட வசதியாக இருக்கட்டும் என்று டிரில்லை எடுத்து ஓட்டை போட்டேன். படகு முழுகியது என்று சொல்ல முடியாது, ஏரிக்கு அவ்வளவு ஆழம் இல்லை. தரையில் உட்கார்ந்தது, நாங்கள் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் குளியல் தொட்டியில் இருக்கிற மாதிரி அதில் உட்கார்ந்திருந்தோம். கரையில் ஊர் முழுக்க நின்று பார்த்தது. இப்போது கூரைக்குப் பூசுகிற பசையால் அடைத்திருக்கிறேன், ஒன்பது ஓட்டையில் பிடித்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டன் கம்பத்துக்கு என்னோடு வந்தாள். அளந்து பார்த்தால் முந்தின நாளைவிட ஒரு விரல்கடை குறைந்திருந்தது. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. படிவம் கிளெனிஸிடம் போகவே இல்லை, என் வண்டியில்தான் இருந்தது, அவள்மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திரும்பக்கூட இல்லை.

"தெரியும்ப்பா. பிப்ரவரிலயே பாத்தேன். உங்க வண்டில தண்ணி பாட்டில் எடுக்க ஏறினப்போ."

"பாத்துட்டு ஏம்மா எடுத்துக் குடுக்கல?"

"எடுத்தேன். மறுபடி அங்கயே வெச்சுட்டேன்." காலால் தண்ணீரைத் தள்ளினாள். "காத்துட்டிருக்கிறதே பழகிப்போச்சுப்பா. ஆறு வருஷம். தண்ணி வரட்டும், வரட்டும்னு சொல்லிட்டே நல்லாத்தான் இருந்தோம். வந்துட்டா என்ன பண்றதுன்னு திடீர்னு பயமாயிடுச்சு."

"இப்ப?"

"இப்ப போய்ட்டிருக்குல்ல. அதைப் பாத்தா போறதுக்குள்ள கட்டிக்கணும்னு இருக்கு. வேற எதையும் யோசிக்கத் தோணல."

திரும்பி வரும் வழியில் தபாலாபீஸில் வண்டியை நிறுத்தி, கிளெனிஸிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அலமாரியெல்லாம் கலைச்சது நான், அடுக்கறது நீ" என்றாள். அடுக்கினேன், மூன்று மணி நேரம்.

ஆகவே அக்கா, நிலவரம் இதுதான். இன்று காலை கம்பத்தில் பதினான்கு விரல்கடை. இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை குறையும் என்று பார்த்தால் அன்றைக்கு நாலு மிஞ்சும், பாதம் நனையும், அது போதும். ஆனால் வடக்குக் காற்று ஒரு நாள் பலமாக அடித்தால் தண்ணீர் முழுவதும் ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்விடும், அதற்கு நான் பொறுப்பில்லை என்று ஒரு தடவையாவது சொல்லிக்கொள்ள ஆசை. பதினெட்டாம் தேதியே வந்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி நெருப்பில் வாட்டுவது நெவிலின் பொறுப்பு, அதனால் வழியில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உன் முழங்காலுக்குத் தனியாக என் மரியாதை. கர்த்தர் உங்களைக் காப்பாராக, காற்று தெற்கிலிருந்தே வீசுவதாக.

உன் தம்பி,
லாயிட் பாஸ்கோ

பின்குறிப்பு: வியாழன் காலை. உறையை ஒட்டப்போன நேரத்தில் பெட்ரா வந்து என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். வடக்கே மறுபடி பெருமழையாம், முதலில் வந்ததைவிடப் பெரிய வெள்ளம் ஆற்றில் இறங்கிவிட்டதாம், திங்களன்று இங்கே சேரும், அடுத்த வருஷம் ஈஸ்டர் வரைக்கும் ஏரியில் தண்ணீர் நிற்கும் என்கிறாள். எஃபெமரல் என்று போட்டாயே என்றேன், அந்தச் சொல்லில் நாள் கணக்கு ஒன்றும் கிடையாது என்று சிரிக்கிறாள். முதலில் குதித்தேன், அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்துக் குதிப்பதை நிறுத்தினேன். படிவத்துக்குப் பதினெட்டு மாதம், தண்ணீருக்குப் பதினோரு மாதம். இரண்டையும் சேர்த்து இந்த இருவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார், மறுபடி காத்திருக்க உட்கார்ந்துவிடுவார்கள். மோரீனிடம் மட்டும் சொன்னேன். "நீங்க எதையும் காதுல வாங்கலை, நானும் வாங்கலை" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். பெட்ராவும் கல்யாணச் சனிக்கிழமை வரை வாயைத் திறக்கமாட்டாள். ஏறுகிற தண்ணீரை, காற்று இந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஊருக்குச் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். நீ வந்து இறங்கியதும் கிர்ஸ்டன் காதில் விழுகிற மாதிரி, "ஐயோ, இருக்கிறதே இவ்வளவு தண்ணிதானா, சீக்கிரம் முடிங்கப்பா" என்று ஒரு சத்தம் போடு.