மாப்பிள்ளையிடம் ‘போ’ என்று எப்படிச் சொல்வது?

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், அக்காவின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கவும் வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முதல் வரியிலேயே பொய் சொன்னால் மிச்சத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். எனவே, சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோளாறு வாயில்தான். நுணலாவது தன் வாயால் தான் மட்டும் கெடும். நான் என் வாயால் மகளின் பிழைப்பையே கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய உங்களால்தான் முடியும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை சிரிக்காமல் படியுங்கள், அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டாதீர்கள்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களின் அசைவைப் பற்றி ஆராய்கிறாள் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஒரு ரோபோவை இரண்டு காலால் நடக்க வைப்பதுதான் அவள் வேலை. “நடக்கிறதுன்னா என்னப்பா? விழறதைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கிறதுதான்” என்று ஒருநாள் விளக்கினாள். நான் குடும்பம் நடத்துவதும் அப்படியே என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுடைய ஆய்வுக்கூடத்தைப் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் பஞ்சு மெத்தை, கூரையிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் இடுப்பைக் கட்டித் தொங்கவிட்ட ரோபோ, விழுந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு மாணவர்கள். என் மார்பளவு உயரம்தான், ஆனால் அதற்கு நடக்கிற உபசாரத்தைச் சொல்லி முடியாது. வெயில் பட்டால் சூடாகிவிடும், குளிர் பட்டால் மூட்டு இறுகும், நேரத்துக்கு மின்சாரம் ஏற்றாவிட்டால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றுவிடும். அதனால் மாணவர்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பேரைக் கேட்டதும் என் வீட்டுக்காரி, “உங்க பொண்ணு நம்ம கண்ணுல காட்டின ஒரே மாப்பிள்ளை இதுதான், நல்லாப் பாத்துக்குங்க” என்றாள். அன்றிலிருந்து எனக்கும் அது மாப்பிள்ளைதான். விபரீதம் அங்கேதான் தொடங்கியது.

போன வாரம் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து ஆராய்ச்சியைக் காட்டுகிற நாள். அதைப் பார்க்க வெளியூர்ப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் நடை அவருக்குப் பிடித்துவிட்டால் உங்கள் மருமகளைத் தன் ஆய்வுக்கூடத்திலேயே சேர்த்துக்கொள்வார், அவள் ராப்பகலாகக் காத்திருந்த வேலை. இப்படிப்பட்ட நாளில் என்னை யார் மேடையேறச் சொன்னது என்று கேட்பீர்கள். அவள்தான் சொன்னாள். “பழகாத ஆளு பேசினாலும் அதுக்குப் புரியுதுன்னு காட்டணும்ப்பா. உங்க குரல்தான் கணீர்னு இருக்கும். மூணே வார்த்தை. போ, நில்லு, வா. அவ்வளவுதான்” என்றாள். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் காலமெல்லாம் கத்தியவன் மூன்று வார்த்தைக்கா பயப்படுவேன் என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் யோசித்தேன். நான் எந்த ரயிலையும் ‘போகும்’ என்று சொல்லி அனுப்பியவன் இல்லை, அத்தான். ‘புறப்படும்’ என்றுதான் சொல்வேன், அதற்கு முன்னால் தாமதத்துக்கு வருத்தமும் தெரிவிப்பேன். வீட்டிலும் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், குழாய் ரிப்பேர்காரராகவே இருந்தாலும், ‘போயிட்டு வாங்க’தான். ‘போ’ என்பது நம் குடும்பத்தில் சண்டைக்கு மட்டும் வெளியே எடுக்கிற வார்த்தை.

மேடையில் என் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டு, “இனிமே இது உங்க பேச்சை மட்டும்தான் கேக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் எதிர்க்கோடியில் பேராசிரியை பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை தட்டில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் தண்ணீரை ஏந்திக்கொண்டு என் முன்னால் நிற்கிறது. அதைப் பேராசிரியைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறது, பேரோ மாப்பிள்ளை, கூடம் கொள்ளாத சனம். நீங்களே சொல்லுங்கள், ‘போ’ என்று எந்த வாயால் சொல்வது? “போயிட்டு வாங்க மாப்பிள்ளை” என்றேன். ஆகா, என்ன அழகாகப் போயிற்று தெரியுமா! பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. பேராசிரியை சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவர் விரல் டம்ளரில் படுவதற்குள் மாப்பிள்ளை அப்படியே திரும்பி, நேராக என்னிடமே வந்து நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்து, “என்ன மாப்பிள்ளை, திரும்பிட்டீங்க? பரவாயில்ல, போயிட்டு வாங்க” என்றேன். போயிற்று, வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. பேராசிரியை முதலில் ஒரு கையை நீட்டியவர், அப்புறம் இரண்டு கையையும் நீட்டினார், அப்புறம் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார், அதற்கு மேல் நம்பிக்கையிழந்து கையைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகளோ ஒவ்வொரு தடவையும் ஒரே குரலில், “போயிட்டு வாங்க மாப்பிள்ளை!” நம் வாயில் ‘போயிட்டு வா’ என்பது ஒரே சொல், கிளம்பு என்று அர்த்தம். அந்த ஜடத்துக்கு அது இரண்டு உத்தரவு. போகவும் செய்தது, வரவும் செய்தது.

எதிர்க்கோடியிலிருந்து உங்கள் மருமகள், “அப்பா! போன்னு மட்டும் சொல்லுங்கப்பா!” என்று கத்தினாள். “யாரைம்மா?” என்றேன். “மாப்பிள்ளையைத்தான்!” என்றாள். “சபையிலயா?” என்று நான் கேட்டது ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது. சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. துறைத் தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் பேராசிரியையே எழுந்து நடந்து வந்து, என் முன்னால் நின்ற மாப்பிள்ளையின் தட்டிலிருந்து டம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு, குனிந்து தரையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்து, “இதைப் பண்ணது யாரு?” என்று கேட்டார். நான் இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். “நான்தாம்மா. எல்லாம் நான் பண்ணதுதான். எம் பொண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்றேன். அவர் திரும்பி எதிர்க்கோடிக்கே போய்விட்டார்.

அன்றிலிருந்து உங்கள் மருமகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள், ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், சொல்லாமல் எழுந்துவிடுகிறாள். திட்டிவிட்டாலாவது நிம்மதியாக இருக்கும். நானும் திருந்துவோம் என்று கண்ணாடி முன்னால் நின்று, “போ. போ. போ” என்று சொல்லிப் பழகினேன். வீட்டுக்காரி பின்னாலிருந்து, “இந்த வயசுல என்னை எங்க போகச் சொல்றீங்க?” என்று பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டை தனிக் கடிதம் பிடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பேராசிரியை ஒருகாலத்தில் உங்களிடம் கணக்குப் படித்தவராம். ஆசிரியர் சொல் என்றால் தட்டமாட்டார். “பிழை பெண்ணுடையது அல்ல, அப்பனுடைய நாக்கு அப்படி, அந்தக் குடும்பமே யாரையும் போ என்று சொல்லாது” என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்ல வேண்டும். என் மானம் போனால் போகட்டும், அவள் பிழைப்பு பிழைக்க வேண்டும். அக்காவுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்களுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தான், தயவுசெய்து பேராசிரியையிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டாராம். “நேரா நடக்க யாரு வேணா வெச்சிடுவாங்கப்பா. ததும்பற டம்ளரோட திரும்பறதுதான் கஷ்டம். நான் இத்தனை நாளா பண்ணதே அந்தத் திரும்பற வேலைதான். நான் போட்ட திட்டத்துல அதைக் காட்ட இடமே இல்ல, நீங்கதான் அத்தனை தடவை திருப்பிக் காட்டினீங்க. தரையில ஒரு சொட்டு சிந்தல. அதைப் பண்ணது யாருன்னு கேட்டா, நான்தான்னு சொல்லி வேலையை நீங்க வாங்கிக்கப் பாத்தீங்களாமே!” என்று சிரித்தாள். கோபமே இல்லையாம். அவ்வளவு தூரம் போகப்போவதை என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இதற்குக் கீழே, பெண்ணுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்று பேராசிரியையிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதீர்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். “வாசல்ல நின்னு என்னம்மா சொல்றது, எனக்குத்தான் ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்ல வரலையே” என்றேன். “எப்பவும் சொல்றதையே சொல்லுங்கப்பா. மாப்பிள்ளை மாதிரி நானும் ரெண்டையும் செய்யறேன்” என்றாள். அதிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அத்தான். ‘வா’ நன்றாக வருகிறது. முதல் பாதிதான் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.